படம் எடுப்பவனுக்குச் சட்டம்! படத்தில் இருப்பவனுக்கு?

காஞ்சிபுரம் காந்தி சாலையில் பட்டுக்கடை வைத்திருக்கும் சகோதரரே! பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் நெசவாளத் தோழரே! உங்கள் வீட்டுக் கூரை எத்தனை அடி என்பது உங்களுக்கு மனப்பாடமாக இல்லாமல் இருக்கலாம். அரசு நினைத்தால் நொடியில் அளந்துவிடும். 2019 நவம்பர் 27 அன்று ஏவப்பட்ட கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோள், 509 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 28 சென்டிமீட்டர் அளவுள்ள இடத்தையும் தனிப் புள்ளியாகப் பதிவு செய்யும் திறன் கொண்டது. ஒரு முழத்துக்கும் குறைவு! கடைக்குப் பின்னால் இறக்கிய தகரக் கொட்டகையும், கொல்லையில் எழுப்பிய சுவரும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது.

இது நம் நாட்டு விஞ்ஞானிகளின் சாதனை. நம் வரிப்பணத்தில் நடந்த சாதனை. அதில் நமக்கும் பெருமை உண்டு. நாம் கேட்பது வேறு கேள்வி. நம் பணத்தில் பறக்கும் கண் நம் மண்ணைப் படம் எடுக்கிறது. அந்தப் படம் ஒரு நாள் நமக்கு எதிராகவே நீட்டப்பட்டால் அதைப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டா? நகல் கேட்கும் உரிமை உண்டா? இது தவறு என்று வாதாடும் உரிமை உண்டா?

இந்தத் துறையின் விதிகளைப் புரட்டிப் பாருங்கள். படம் எடுப்பவனுக்கு விதி இருக்கிறது. விற்பவனுக்கு விதி இருக்கிறது. வாங்குபவனுக்கு விதி இருக்கிறது. படத்தில் இருப்பவனுக்கு மட்டும் உரிமை என்று ஒன்று எழுதப்படவே இல்லை!

நாடாளுமன்றம் இயற்றாத 'சட்டம்'

ஐ.ஆர்.எஸ்-1ஏ என்ற தொலையுணர்வுச் செயற்கைக்கோளை இந்தியா 1988 மார்ச் 17 அன்று ஏவியது. அன்று பிறந்த குழந்தைக்கு இன்று வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இத்தனை ஆண்டுகளில் செயற்கைக்கோள் படங்களுக்கென்று நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் ஒன்றாவது உண்டா? இல்லை! எல்லாம் கொள்கை, எல்லாம் வழிகாட்டுதல், எல்லாம் அதிகாரிகளின் மேசையில் பிறந்தவை.

2001-இல் தொலையுணர்வுத் தரவுக் கொள்கை வந்தது. 5.8 மீட்டர் வரையிலான படங்களை யார் கேட்டாலும் தரலாம், அதைவிடத் தெளிவான படத்தைப் பரிசோதித்துத்தான் தர வேண்டும் என்றது. 2011-இல் அந்த எல்லை 1 மீட்டர் ஆனது. 2016-இல் ஒரு மசோதாவின் வரைவை வெளியிட்டார்கள். அனுமதி இல்லாமல் வான்வழிப் படத்தையோ வரைபடத் தரவையோ திரட்டினால் ஏழாண்டு வரை சிறை, நூறு கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் எழுதியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, மசோதா கிடப்பில் போனது. 2017-இல் விண்வெளி நடவடிக்கைகள் மசோதாவின் வரைவு வந்தது. அதுவும் சட்டமாகவில்லை.

பிறகு காற்று திசை மாறியது. 2021 பிப்ரவரி 15 அன்று வந்த வழிகாட்டுதல்கள், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலே வரைபடத் தரவுகளைத் திரட்டலாம், விற்கலாம் என்றன. 2022-இல் தேசிய புவிசார் கொள்கை. 2023-இல் இந்திய விண்வெளிக் கொள்கை. ஐந்து மீட்டரும் அதைவிட மங்கலானதுமான இஸ்ரோ படங்கள் எல்லோருக்கும் இலவசம். அதைவிடத் தெளிவான படம் அரசு அமைப்புகளுக்கு இலவசம், மற்றவர்களுக்கு விலை!

கவனியுங்கள் சகோதரர்களே! 2016-இல் குடிமகனைச் சிறையில் தள்ளப் பார்த்தார்கள். 2021-இல் நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தார்கள். அச்சுறுத்தும்போது குடிமகன் நினைவுக்கு வருகிறான். சலுகை தரும்போது மறந்துபோகிறான்.

ஒரு கிரவுண்டுக்கு ஒன்பது புள்ளி

'ஐந்து மீட்டர் படம்தான் இலவசமாகக் கிடைக்கிறதே, பிறகென்ன குறை?' என்று சிலர் கேட்கக்கூடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வியாபாரிகளுக்குக் கணக்கு புதிதல்ல.

ஐந்து மீட்டர் படம் என்றால், படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் ஐந்துக்கு ஐந்து மீட்டர். அதாவது 25 சதுர மீட்டர், ஏறக்குறைய 269 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அப்படியானால் ஒரு கிரவுண்டு நிலம் அந்தப் படத்தில் வெறும் ஒன்பது புள்ளி! ஒரு ஏழையின் வீடு இரண்டு, மூன்று புள்ளி. அது வீடா, வைக்கோற்போரா என்று எவராலும் சொல்ல முடியாது. அதே கிரவுண்டு 30 சென்டிமீட்டர் படத்தில் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு புள்ளி. சுவர் தெரியும், வாசல் தெரியும், கிணறு தெரியும்.

தெளிவான படம் அரசின் கையில் இலவசமாக இருக்கிறது. மங்கலான படம் மக்களின் கையில் இலவசமாக இருக்கிறது. வழக்கு என்று வந்தால் இந்த இரண்டு பேரும் சமமாக நிற்க முடியுமா? ஒருவன் பூதக்கண்ணாடியோடு வருகிறான், இன்னொருவனின் கண்ணைத் துணியால் கட்டி அனுப்புகிறோம். இதற்குப் பெயர் நீதியா?

நீதிமன்றப் படிக்கட்டில்

படம் கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதைச் சாட்சியமாக்குவது எப்படி? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்தக் கணினியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும் ஒரு வல்லுநரும் கையெழுத்திட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவிலும் சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதி செய்தது. கூகுள் எர்த் படத்தை நகல் எடுத்து வக்கீலிடம் கொடுத்தால் போதும் என்று நினைக்கும் நம் இளைஞர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். செல்பேசியில் நாம் பார்க்கும் படம் வேறு, நீதிபதி ஏற்கும் சாட்சியம் வேறு.

அரசின் வரைபடத்துக்கோ சட்டம் தனி நாற்காலி போட்டிருக்கிறது. அரசின் அதிகாரத்தின்கீழ் தயாரான வரைபடம் சரியானதுதான் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்பது வெள்ளையன் 1872-இல் எழுதிய விதி. 2023-இல் பெயரை மாற்றினார்கள், விதியை மாற்றவில்லை. ஆனால் அதே விதியில் ஒரு வரி நமக்கும் இருக்கிறது. ஒரு வழக்குக்காகவே தயாரித்த வரைபடம் என்றால் அதன் துல்லியத்தை நிரூபித்தாக வேண்டும்! இந்த வரியை நம் வழக்கறிஞர்கள் எத்தனை பேர் எடுத்து வைக்கிறார்கள்?

அடுத்ததைக் கேளுங்கள். புல்டோசர் அநீதிக்கு எதிராக 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்பைத் தந்தது. 15 நாள் நோட்டீஸ் இல்லாமல் இடிக்கக் கூடாது என்றது. நாடே வரவேற்றது, நாமும் வரவேற்றோம். ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகிய பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. இதன் பொருள் என்ன? உங்கள் வீடு நிற்கும் இடம் 'நீர்நிலை' என்று ஒரு வரைபடம் சொல்லிவிட்டால் அந்த 15 நாள் கவசம் கழன்று விழுகிறது. நிலமா நீரா என்பதைத் தீர்மானிக்கும் படம்தான் இங்கே தீர்ப்பையே தீர்மானிக்கிறது. அந்தப் படத்தைப் பார்க்கத்தான் உங்களுக்கு உரிமை எழுதப்படவில்லை!

ஏரி மாவட்டத்தின் கதை

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். இங்கே நீர்நிலை என்ற சொல் ஆளுக்கு ஒரு அர்த்தம் தருகிறது.

ஏரிக்கரையில் குடிசை போட்டவனுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. ஏரியைக் காப்பது அவசியம், நாமும் மறுக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட எவரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் திட்டம் போடுபவன் அரசாக இருந்தால்? 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், பாசனத்துக்காக மனிதர் கட்டிய நீர்நிலை 'ஈரநிலம்' என்ற விளக்கத்துக்குள் வராது என்கின்றன. தொண்டை மண்டலத்தின் ஏரிகள் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை அல்லாமல் வேறென்ன? 2023-இல் தமிழக சட்டமன்றம் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டங்களுக்குள் நீர்நிலை இருந்தாலும் நிலத்தை ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது.

இந்தச் சூழலில்தான் பரந்தூர் நிற்கிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கே வரும் என்று 2022-இல் அறிவித்தார்கள். சுமார் 5,700 ஏக்கர். அதில் ஏரிகள் இருக்கின்றன, நன்செய் இருக்கிறது, கம்பன் கால்வாய் ஓடுகிறது. ஏகனாபுரம் மக்கள் அன்று தொடங்கிய போராட்டத்தை ஆண்டுக்கணக்கில் நடத்தினார்கள், கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டார்கள். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நம் வாசகர்களிடையே இரு கருத்து இருக்கலாம். வியாபாரிகளில் சிலர் வரவேற்கவும் கூடும். ஆனால் ஒன்றில் இரு கருத்து இருக்க முடியாது. எந்த ஏரி நாற்பது ஆண்டுகளாக எத்தனை மாதம் நீர் தாங்கியது, எந்த வாய்க்கால் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கான படச் சாட்சியம் ஹைதராபாத்தில் உள்ள தேசிய தொலையுணர்வு மையத்தின் காப்பகத்தில் இருக்கிறது. அதைத் தேதி வாரியாக, புல எண் வாரியாக அந்தக் கிராம மக்களின் முன் விரித்துக் காட்டும் கடமை யாருக்கும் விதிக்கப்படவில்லை!

2024 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு உத்தரவு போட்டது. இஸ்ரோவின் 2021 நிலவரைப்படி 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட நீர்நிலைகள் நாட்டில் 2,31,195. அவற்றை நேரில் போய்ச் சரிபார்த்து எல்லை குறியுங்கள் என்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. செயற்கைக்கோள் படம் மக்களுக்குத் துணை நின்றதற்கு இது சான்று. ராஜஸ்தானின் ஆரவல்லியில் ஆய்வுக்கு எடுத்த 128 குன்றுகளில் 31 காணாமல் போய்விட்டன என்பது 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் அம்பலமானதும் இன்னொரு சான்று. படம் பகையல்ல, நண்பன்! யார் கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் அந்தப் பட்டியலில் உள்ள ஏரிகள் எவை? உங்கள் ஊர் ஏரி அதில் உண்டா? உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

இதே மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஏரி வாரியத்துக்கு உறுப்பினரை எப்படித் தேர்ந்தெடுப்பது, கணக்குக் காட்டாதவனை எப்படி விலக்குவது என்பதெல்லாம் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் விதி சுவரில் இருந்தது, போகிறவன் வருகிறவன் பார்க்கும்படி இருந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரியைப் பற்றிய விதியைக் கல்லில் வெட்டி ஊருக்குக் காட்டினார்கள். இன்று ஏரியின் படத்தையே பூட்டி வைத்து விலை சொல்கிறார்கள்!

பாதுகாப்பு என்ற பூச்சாண்டி

'நாட்டின் பாதுகாப்பு என்னாவது?' என்பார்கள். நியாயமான கேள்விதான். 2005-இல் கூகுள் எர்த் வந்தபோது குடியரசுத் தலைவர் அப்துல் கலாமே கவலை தெரிவித்தார். ராணுவ முகாமையும் அணுமின் நிலையத்தையும் மறைக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. நத்தப்பேட்டை ஏரியில் என்ன ராணுவ ரகசியம் இருக்கிறது?

பாதுகாப்பு என்ற சொல் எதற்கெல்லாம் நீட்டப்படுகிறது, படத்தின் கதவை அடைத்தால் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்பதற்கு ஜோஷிமட் சாட்சி. 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரை 12 நாளில் அந்த மலை நகரம் 5.4 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது என்று தேசிய தொலையுணர்வு மையம் படத்தோடு அறிவித்தது. வீடு விரிசல் விட்டு நடுத்தெருவில் நின்ற மக்களுக்கு அந்தத் தகவல் உயிர்த் தகவல். உடனே தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம், எந்த அரசு நிறுவனமும் ஊடகத்திடம் பேசக் கூடாது, தரவைப் பகிரக் கூடாது என்று கடிதம் அனுப்பியது. அறிக்கை இணையத்திலிருந்து மறைந்தது. நிலம் இறங்குவதை நிறுத்த முடியவில்லை, செய்தியை நிறுத்திவிட்டார்கள்!

வல்லரசுகளின் வழக்கமும் இதுதான். 1986 டிசம்பர் 3 அன்று ஐ.நா. பொதுச்சபை தொலையுணர்வு பற்றி 15 கோட்பாடுகளை ஏற்றது. படம் எடுக்கப்பட்ட நாட்டுக்குப் பாகுபாடு இல்லாமல், நியாயமான செலவில் அந்தத் தரவு கிடைக்க வேண்டும் என்று 12-வது கோட்பாடு சொல்கிறது. பத்தே ஆண்டில் அமெரிக்கா என்ன செய்தது? 1996-இல் கைல்-பிங்கமன் திருத்தம் என்ற பெயரில், இஸ்ரேலைத் தெளிவாகக் காட்டும் படத்தை அமெரிக்க நிறுவனங்கள் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. எல்லை 2 மீட்டர். ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீன மண்ணுக்கும் அதே மங்கல்தான். எந்த வீடு இடிந்தது, எந்தக் குடியேற்றம் வளர்ந்தது என்று அமெரிக்க நிறுவனங்களின் படத்தில் தேடியவர்களுக்குப் புள்ளிகள்தான் மிஞ்சின. அந்த எல்லை 0.4 மீட்டராகத் தளர்ந்தது 2020-இல்தான். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிரெஞ்சு செயற்கைக்கோள் படங்கள் தெளிவாகச் சந்தைக்கு வந்துவிட்டன.

2001 அக்டோபரில் ஆப்கானிஸ்தான் மீது குண்டு விழுந்தபோது தடைச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. இகோனோஸ் என்ற தனியார் செயற்கைக்கோள் எடுத்த போர்க்களப் படங்களின் முழு உரிமையையும் அமெரிக்க அரசே விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. உலகத்தின் கண்ணைக் காசோலையால் மூடினார்கள்!

ஐ.நா. கோட்பாட்டில் நாட்டுக்கு உரிமை இருக்கிறது, குடிமகனுக்கு இல்லை. 'என் நாட்டின் படத்தை எனக்குக் கொடு' என்று உலக அரங்கில் கேட்ட அரசுகள், 'என் நிலத்தின் படத்தை எனக்குக் கொடு' என்று கேட்கும் சொந்தக் குடிமகனிடம் முகத்தைத் திருப்புவது என்ன நியாயம்?

நம் சமுதாயம் விழிக்க வேண்டிய நேரம்

'இது விஞ்ஞானிகள் விவகாரம், நமக்கென்ன?' என்று ஒதுங்குபவர்களுக்கு ஒரு சொல். 2025 ஜூன் 6 அன்று தொடங்கிய உமீத் தளத்தில் ஒவ்வொரு வக்ஃபு சொத்தையும் அதன் புவியியல் இருப்பிடத்தோடு பதிவு செய்யச் சொன்னார்கள். பள்ளிவாசல், கபர்ஸ்தான், தர்கா நிலம் எல்லாவற்றின் இருப்பிடத்தையும் நாம் கொடுக்கிறோம். பதிலுக்கு நமக்கு என்ன கிடைக்கிறது? அரசு நிலமா வக்ஃபு நிலமா என்பதை அரசு அதிகாரியே முடிவு செய்ய வழிவகுத்த பகுதிகளை 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தியது. அது இடைக்கால நிவாரணம்தான். நாளை தகராறு எழுந்தால் 'இந்தக் கபர்ஸ்தான் ஐம்பது ஆண்டுகளாக இங்கேதான் இருக்கிறது' என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?

வழி இருக்கிறது. 1960 முதல் 1972 வரை அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்களும் அதே காலத்துத் தொடர் திட்டங்களும் எடுத்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை 1995 பிப்ரவரியில் அந்த நாட்டு அரசு பொதுவில் வைத்தது. ஆசியாவின் பெரும்பகுதி அதில் உண்டு. அமெரிக்க புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் நம் இளைஞர்கள் தேடிப் பார்க்கலாம். ஏற்கெனவே நகலெடுத்து வைத்த படங்கள் இலவசம். பிறர் எடுத்த உளவுப் படம் நமக்குக் கிடைக்கிறது, நம் அரசு எடுத்த படத்துக்கு மட்டும் நாம் காத்துக் கிடக்க வேண்டும்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நம்மவர் ஒருவர் ஏரியை வளைத்துக் கட்டடம் எழுப்பியிருந்தால் அதையும் படம் காட்டட்டும். நாம் கேட்பது சலுகை அல்ல. இந்து நெசவாளிக்கும், முஸ்லிம் வியாபாரிக்கும், ஏகனாபுரத்து விவசாயிக்கும் ஒரே உரிமை. நமது கோரிக்கைகள் இவை:

1. செயற்கைக்கோள் படத்தை வைத்து யார் மீது நடவடிக்கை எடுத்தாலும், படம், எடுத்த தேதி, செயற்கைக்கோளின் பெயர், படத்தின் தெளிவளவு ஆகியவை நோட்டீசோடு சேர்த்தே தரப்பட வேண்டும்.

2. பாதிக்கப்பட்டவர் கேட்டால் அவரது புல எண்ணுக்கான பழைய, புதிய படங்களைச் சாட்சியச் சான்றிதழோடு தேசிய தொலையுணர்வு மையம் கட்டணமின்றித் தர வேண்டும்.

3. நேரில் அளந்து சரிபார்க்காமல் படத்தை மட்டும் நம்பி ஒரு செங்கல்லையும் அகற்றக் கூடாது.

4. பெருந்திட்டம் அறிவிக்கும் முன், அந்தப் பகுதி நீர்நிலைகளின் ஆண்டு வாரியான படங்களைக் கிராம சபையில் தமிழ் விளக்கத்தோடு வைக்க வேண்டும்.

5. இவற்றையெல்லாம் கொள்கையாக அல்ல, நாடாளுமன்றச் சட்டமாகக் கொண்டுவர வேண்டும்.

அரசு தானாக முன்வந்து தரும் என்று காத்திருக்க வேண்டாம். பட்டா, சிட்டா, புலப்பட வரைபடம் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. நகல் எடுத்து வையுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. உங்கள் ஊர் ஏரி அந்த 2,31,195-இல் ஒன்றா என்று எழுதிக் கேளுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் கபர்ஸ்தானின் பழைய ஆவணங்களை அலமாரியிலிருந்து எடுத்து ஒழுங்கு செய்யட்டும். வணிகர் சங்கங்கள் தீர்மானம் போட்டு நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பட்டும். அடுத்த கிராம சபையில் நான்காவது கோரிக்கையை எழுப்பும் முதல் குரல் நம் இளைஞனின் குரலாக இருக்கட்டும்.

மேலே இருந்து நம்மைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அவர்கள் பார்ப்பதை நாமும் பார்க்க வேண்டும். அதைப் பெறும்வரை ஓய மாட்டோம்!